டாட்சியின் மூடிய கை

ஜனவரி 9, 2007, செவ்வாய்

நகரசபைக் கூட்டத்தில் இன்று ஒரு நாற்காலி உடைந்தது. யாரும் யாரையும் அடிக்கவில்லை. க்வான்சா வாத்தியார் அதன்மேல் ஏறி நின்று பேசினார், அது தாங்கவில்லை.

எங்கள் கடலோர ஊர் செக்கொண்டியில் புதிதாகக் கட்டிய சந்தை வாசலுக்கு கோபினா டாட்சியின் பெயரை வைப்பதா வேண்டாமா என்பதுதான் சண்டை. மார்ச் ஆறாம் தேதி நாட்டின் சுதந்திரப் பொன்விழா. அதற்குள் பலகை ஏற வேண்டும். டாட்சி எங்கள் ஊர்க்காரர். முதல் மந்திரிசபையில் இருந்தவர். பழைய சந்தையைக் கட்டியவர். ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு விசாரணைக் கமிஷன் அவரை லஞ்சக்காரர் என்று எழுதி ஜெயிலுக்கு அனுப்பியது. செத்து இருபத்தெட்டு வருஷம் ஆகிறது. ஆள்தான் போனார், பேச்சு போகவில்லை.

அவர் மகள் எகுவா முன் வரிசையில் இருந்தாள். கேப் கோஸ்ட்டில் நர்ஸாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். எழுந்து சொன்னாள்: "எங்கப்பா வாடகை வீட்லதான் செத்தார். வாங்கின காசெல்லாம் எங்கய்யா போச்சு, எலி தின்னுடுச்சா? ஒரு பென்னி வாங்கல. யார்கிட்டயும் வாங்கல!"

அப்போதுதான் வாத்தியார் நாற்காலி மேல் ஏறினார். "வாங்கலைன்னே வெச்சுக்கோம்மா. உங்கப்பா ஆட்சியில எங்கப்பாவைக் கூட்டிட்டுப் போனாங்களே, அவரைத் திருப்பிக் கொடுத்தாங்களா?"

பிறகு சத்தம், நாற்காலி முறிவு, சிரிப்பு. எனக்குப் பக்கத்தில் புகைபோட்ட மீன் விற்கிற மானான், "அராபா, ஆள் விழுந்தாரா, தள்ளிவிட்டாங்களா?" என்று கேட்டாள்.

நான் வாயே திறக்கவில்லை. முதல் காரணம் வியாபாரம், எனக்குத் துணிக்கடை. டாட்சி பெயர் ஏறினால் பழைய 'டாட்சியின் மூடிய கை' துணியைத் திரும்ப அச்சடிக்க ஆலையில் சொல்லி வைத்திருக்கிறேன், இருநூறு பீஸ். இன்னொரு காரணம் — இன்றைக்கு வேண்டாம்.

ஜனவரி 11

கரண்ட் இல்லை. தையல்காரர்கள் என் கடை வாசலில் உட்கார்ந்து அரசியல் பேசுகிறார்கள். எல்லோருக்கும் டாட்சியைத் தெரிந்திருக்கிறது. பாதிப் பேர் அவர் செத்த பிறகு பிறந்தவர்கள்.

ஜனவரி 14, ஞாயிறு

சர்ச்சிலிருந்து வந்து பெட்டியைத் திறந்தேன். அடியில் அந்தத் துணி, மிச்சம் இருந்த பன்னிரண்டு கஜம். கரு நீலத்தில் மஞ்சள் முடிச்சுகள். சாயம் ஒரு இழைகூட வெளுக்கவில்லை. அச்சுப் போட்ட மெழுகின் வாசனைகூட இருக்கிறதா, இல்லை நான்தான் நினைத்துக்கொள்கிறேனா?

ஐம்பத்தேழில் எனக்குப் பதினெட்டு வயது. தலையில் தட்டு, தட்டில் நான்கு மடிப்புத் துணி, அவ்வளவுதான் என் கடை. அந்த வருஷம் மாதிரி ஒரு வருஷம் திரும்ப வரவில்லை. ரயில்வே பட்டறை வாத்தியக் குழு மேட்டிலிருந்து வாசித்துக்கொண்டே இறங்கும், நாங்கள் தட்டைத் தலையில் வைத்தபடியே ஆடுவோம், ஒரு மடிப்பும் கீழே விழாது. பகலில் விற்பனை, சாயங்காலம் டாட்சி திறந்து வைத்த முதியோர் எழுத்தறிவு வகுப்பு. இந்த நோட்டில் எழுதுகிற எழுத்து அங்கே கற்றது. அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும், இல்லையா?

பெயர் இல்லாத துணி விற்காது. வெள்ளைக்காரன் எண் போட்டு அனுப்புவான். பெயர் வைக்கிறவர்கள் நாங்கள்தான். இந்த மஞ்சள் முடிச்சைச் சோழி என்று நினைத்து வரைந்தானாம். எனக்கு அது கையாகத் தெரிந்தது, டாட்சியின் கை.

அவர் யாருக்கும் உள்ளங்கை கொடுக்க மாட்டார். சந்தைக்கு வந்தால் முஷ்டியை நீட்டுவார், நாங்களும் முஷ்டியால் தொட வேண்டும். திமிர் என்றார்கள். எனக்குக் காரணம் தெரியும். எங்கள் ஊரில் கை குலுக்கும்போதுதான் லஞ்ச நோட்டு கை மாறும். மடித்த நோட்டு, குலுக்கி முடிக்கையில் வழக்கமான விரல் சொடுக்கு, முடிந்தது காரியம். மூடிய கையில் எதைத் திணிக்க முடியும்?

"இதுக்கு என்ன பேருடி?" என்று முதல் வாடிக்கைக்காரி கேட்டபோது, "டாட்சியின் மூடிய கை" என்றேன். மூன்று வாரத்தில் செக்கொண்டியிலும் தக்கோராடியிலும் ஒரு கஜம் கிடைக்கவில்லை. பின்னால் வந்த என் முதல் கடை அந்தத் துணியின் காசுதான்.

ஜனவரி 20

எகுவா கடைக்கு வந்தாள். சோளமாவுக் கென்கியும் பொரித்த மீனும் வாங்கிக் கொடுத்தேன், சாப்பிட்டாள். அப்பாவின் முஷ்டியே இவளுக்கும். சின்னதாக, எலும்பு தெரிகிற கை.

"அக்கா, துணிக்குப் பேர் வெச்சது நீங்கதானாமே. அடுத்த கூட்டத்துல வந்து அர்த்தம் சொல்லுங்க. கமிஷன்ல யாரோ ஒரு பொம்பள தப்பா சொல்லி, பேப்பர்ல கொட்டை எழுத்துல போட்டாங்க. அதுதான் அப்பா மேல ஒட்டிக்கிச்சு."

"பாக்கலாம்மா" என்றேன்.

அந்தப் பொம்பள நான்தான். இப்போதாவது எழுதுகிறேன்.

அறுபத்தேழு. கமிஷன் என்னைக் கூப்பிட்டது. வக்கீல் துணியைத் தூக்கிக் காட்டி, "மூடிய கை என்றால், வாங்கியதை விடாத கை என்றுதானே அர்த்தம்?" என்று கேட்டார். கதவருகே சிப்பாய்கள். கடையில் நாற்பது கட்டுச் சரக்கு. யார் முகம் சுளித்தாலும் பறிமுதல். நான் சொன்னேன்: "வாங்கறவங்க இஷ்டப்படி அர்த்தம் பண்ணிக்கலாங்க ஐயா." மண்டபமே சிரித்தது. நானும் சிரித்தேன். டாட்சி சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தார், அவ்வளவுதான். பொய் சொல்லலியே நான்! பொய் சொல்லல. ஆனா என்னத்தச் சொன்னேன்?

மறுநாள் பத்திரிகையில், என் பெயர் போடாமல்: வாங்கினால் விடாத கை.

பிப்ரவரி 3, சனி

ஊர்க்காரர் அகோட்டியின் இறுதிச் சடங்கு. பந்தலில் க்வான்சா வாத்தியார் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அவரிடம் எனக்குப் பிரியம் உண்டு. பேனா பிடித்த கை, வாய் மட்டும் சந்தை வாய்.

"எகுவா உங்க கடையில மீன் சாப்பிட்டாளாமே. கட்சி மாறிட்டீங்களாக்கா?"

"மீனுக்கு ஏதுய்யா கட்சி."

சிரித்தார். பிறகு குரல் இறங்கியது. "அவர் காசு வாங்கினாரா இல்லியாங்கறது எனக்குப் பெரிசில்லக்கா. அறுபத்தொண்ணுல அப்பாவைப் பிடிச்சப்போ எங்கம்மா மனு எழுதி அந்த ஆள் கையில கொடுக்கப் போனாங்க. படிச்சுட்டு அவங்ககிட்டயே தூக்கி எறிஞ்சிருக்கார். அம்மா வீட்டுக்கு வந்து ஒரே வார்த்தைதான் சொன்னாங்க: 'வாங்கல.' அந்த மனு இன்னும் எங்கிட்ட இருக்கு. நான் பிரிச்சதே இல்ல."

படித்துவிட்டு எறிந்தாரா? இல்லையே. இவருக்குத் தெரியாது. நாற்பத்தாறு வருஷமாகத் தெரியாது.

பிப்ரவரி 4

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

அறுபத்தொன்று, ரயில்வே வேலைநிறுத்தம். நாங்கள் சந்தைப் பெண்கள்தான் தொழிலாளிகளுக்குச் சோறு போட்டோம். பிறகு கைதுகள், விசாரணை கிடையாது. வாத்தியாரின் அப்பா பட்டறையில் ஃபிட்டர். அவரையும் கொண்டுபோனார்கள். சந்தையைச் சமாதானப்படுத்த டாட்சி வந்தார். வாத்தியாரின் அம்மா அடோமா வரிசையில் எனக்கு முன்னால் நின்றாள். போலீஸ் பிடுங்கிவிடும் என்று மனுவைச் சின்னதாக மடித்து உள்ளங்கையில் ஒளித்திருந்தாள். நாங்கள் நோட்டை மடிப்போமே, அப்படியே.

டாட்சி முஷ்டியை நீட்டிக்கொண்டே வந்தார். அடோமா கையைத் திறந்து நீட்டினாள். காகித ஓரம் அவர் கண்ணில் பட்டது. முகம் கல்லாகிவிட்டது. "நான் வாங்கறதில்லம்மா" என்றார். பெருமையாகத்தான் சொன்னார். அவள் விரலை முஷ்டியால் தொட்டுவிட்டு என்னிடம் வந்துவிட்டார். அவளுக்கு நா எழவில்லை.

என் நா எழுந்திருக்கலாம். 'ஐயா அது காசு இல்ல, மனு' — ஐந்து வார்த்தை. அந்த மாதம்தான் கடை ஒதுக்கீட்டுக்கு என் பெயர் போயிருந்தது. போலீஸ் பார்த்துக்கொண்டிருந்தது. என் முஷ்டியை நீட்டினேன், தொட்டார், போனார்.

அடோமாவின் புருஷன் மூன்றாம் வருஷம் ஜெயிலிலேயே செத்தார்.

பிப்ரவரி 8

ஆலையிலிருந்து ஃபோன். இருநூறு பீஸுக்கு முன்பணம் எப்போது? அடுத்த மாதம் என்றேன். சொல்லிவிட்டால் எகுவாவும் போவாள், வாத்தியாரும் போவார், பலகை ஏறாமல் துணியும் போகும். சொல்லாவிட்டால் ஒன்றும் போகாது.

நல்ல பேரம்தான். ஏன் மனசு ஒப்ப மாட்டேங்குது?

பிப்ரவரி 24, சனி

சொல்லிவிட்டேன்.

கூட்டத்தில் துணியை விரித்துக் காட்டினேன். பெயர் வைத்தவள் நான், அர்த்தம் 'வாங்காத கை' என்றேன். எகுவாவின் ஆட்கள் கை தட்டினார்கள். தட்டி முடிக்கும் வரை காத்திருந்து கமிஷனில் நான் சொன்னதைச் சொன்னேன். தட்டியவர்கள் முகம் மாறியது. பிறகு அடோமாவின் மனு. நான் பக்கத்தில் நின்றது, வாய் திறக்காதது, எல்லாம்.

எகுவா முதலில் எழுந்தாள். "அப்போ அந்தப் பொம்பள நீங்கதானா? மீன் வாங்கிக் கொடுத்தீங்களே!"

"நான்தான்மா."

வாத்தியார் கத்துவார் என்று பார்த்தேன். கத்தவில்லை. மெதுவாகக் கேட்டார்: "எங்கம்மா சாவுக்குக்கூடத் துணி உங்ககிட்டதானேக்கா வாங்கினேன். அன்னிக்காவது சொல்லியிருக்கலாமில்ல?"

விரித்த துணியை மடித்துப் பையில் வைத்தேன்.

வெளியே வரும்போது மானான், "உனக்குப் பைத்தியமாடி? ஒரே நாள்ல ரெண்டு வாடிக்கை போச்சு!" என்றாள். பிறகு வீடு வரை என் பையைத் தூக்கி வந்தாள்.

பிப்ரவரி 27

கடைக்கு யாரும் வரவில்லை.

மார்ச் 2, வெள்ளி

ஊரில் யாருக்குப் பேரம் படியாவிட்டாலும் என்னிடம்தான் வருவார்கள். எனக்கே படியாவிட்டால்? இருவருக்கும் சொல்லி அனுப்பினேன்: 'என்னைத் திட்டவாவது வாங்க.' வந்தார்கள்.

வாத்தியார் மேசைமேல் ஒரு உறையை வைத்தார். உள்ளே மனு, தீப்பெட்டி அளவு மடிப்பு. எகுவா அதை எடுக்கவில்லை. இரண்டு உள்ளங்கையையும் விரித்து நீட்டினாள். "மேசையில வேணாம். கையில கொடுங்க."

வாத்தியாருக்கு நேரம் பிடித்தது. வெளியே மீன்காரிகள் ஒரு முழுச் சண்டை போட்டு முடித்தார்கள். அப்புறம்தான் எடுத்து அவள் கையில் வைத்தார்.

எகுவா பிரித்துச் சத்தமாகப் படித்தாள். விடுதலை கேட்டிருப்பாள் அடோமா என்றே நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம். அதில் இருந்தது: "என் கணவருக்கு மூச்சிரைப்பு நோய். அவரை விடச் சொல்லவில்லை. மருந்தை மட்டும் உள்ளே கொண்டுபோக உத்தரவு தாருங்கள்."

முப்பத்தைந்து வருஷம் ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்த கை. காகிதத்தின் மடிப்புகளை ஒவ்வொன்றாக நீவிவிட்டது.

"படிச்சிருந்தா அப்பா அனுப்பியிருப்பார்" என்றாள்.

"அனுப்பியிருக்கலாம்" என்றார் வாத்தியார். "அனுப்பினதா ஆகாதும்மா."

"ஆகாது."

பிறகுதான் பேரம் பேசினோம். பேசியது நான் இல்லை, அவர்கள்தான். வாசலில் டாட்சி பெயர் இருக்கட்டும், வாத்தியார் தடுக்க மாட்டார். பெயருக்குக் கீழே, கை எட்டுகிற உயரத்தில், மனு கண்ணாடிக்குள். அதன் பக்கத்தில் பிடித்துப் போகப்பட்ட ரயில்வேக்காரர்கள் பெயர், டாட்சி பெயரின் எழுத்து அளவிலேயே. அந்த அளவை எகுவாதான் சொன்னாள்.

என்னை மன்னித்தார்களா என்று நான் கேட்கவில்லை. அவர்களும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

மார்ச் 6, செவ்வாய்

பொன்விழா. செவ்வாய் எங்கள் கடலுக்கு ஓய்வு நாள் என்பதால் படகு எதுவும் போகவில்லை. ஊரே வாசலில். பட்டறை வாத்தியக் குழு இப்போது கிடையாது. பள்ளிப் பிள்ளைகள் வாசித்தார்கள், சுருதி சேரவில்லை. ஆனாலும் மேட்டிலிருந்து இறங்கும்போது என் கால் தானாக ஆடியது. அறுபத்தெட்டு வயதுக் கால்.

மானானுக்குப் படிக்க வராது. யாரையோ பிடித்து மனுவை இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டாள். ஒரு கிழவர் டாட்சி பெயரை முஷ்டியால் தொட்டுவிட்டு, கீழே கண்ணாடியை உள்ளங்கையால் தொட்டார். அவரைப் பார்த்து அடுத்தவரும். அதற்குள் அவர்கள் பின்னால் ஒரு வரிசையே சேர்ந்துவிட்டது.

ஆலைக்கு முந்நூறு பீஸ் என்று சொல்லிவிட்டேன். பெயர் பழைய பெயர்தான். அர்த்தம் கேட்கிறவர்களுக்கு லஞ்சம் வாங்காத கை, வாங்கினால் விடாத கை, மனுவை வாங்காத கை, மூன்றையும் சொல்லித்தான் விற்பேன்.

மதியம் எகுவா கடைக்கு வந்தாள், பழைய துணி வேண்டும் என்று. பேசிக்கொண்டிருக்கும்போதே வாத்தியாரும் அதே துணியைக் கேட்டு வந்து நின்றார். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பெட்டியிலிருந்து எடுத்து நடுவில் கத்தரித்தேன்.

"எங்களுக்கும் விலையாக்கா?" என்றார் வாத்தியார்.

"உங்களுக்குத்தான் விலை. இனாமா கொடுத்தா வாய மூட லஞ்சம் கொடுத்தேம்பாங்க."

ஆளுக்கு ஆறு கஜம். தலைக்கு மூன்று லட்சம் சேடி. தள்ளுபடி இல்லை, கடன் இல்லை, கைமேல் காசு.