தாழ் போடாதே

அன்புள்ள சிட்டுக்கு,

அப்பா எழுதுவது. அம்மாவின் முழங்காலைத் தவிர இங்கே எல்லாம் நலம், அங்கே நீயும் வேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள்கிறாய் என்று நம்புகிறேன். உன் பார்சல் வந்து மூன்று வாரமாகிறது, பதில் போடவில்லையே என்று கோபித்துக்கொள்ளாதே, உன் ஆராய்ச்சியில் ஐயாவைப் பற்றிய நாற்பது பக்கத்தையும் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து மூன்று தடவை படித்தேன். உன் அம்மா இன்னமும் உளவியல் என்றால் உளவு பார்ப்பது என்றே நினைத்துக்கொண்டிருக்கிறாள். 'போயும் போயும் ஐயாவையா இவ உளவு பாக்கணும்' என்று இரண்டு நாள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை, உன்னைப் படிக்க அனுப்பியது நான்தானாம். உண்மையைச் சொன்னால் முதல் தடவை நானும் பாதியில் மூடி வைத்துவிட்டேன். நம் தியான சபையைத் தொடங்கிய ஐயாவை நீ நாலு பேர் நடுவில் நிறுத்தி விசாரிப்பது போல இருந்தது. 'தாழ் போடாதே' என்று சொல்லித்தானே வாராவாரம் கண்ணை மூடி உட்காருகிறோம்? முப்பது வயதில் ஐயாவுக்கு உள்ளே கேட்ட குரல் அது, அன்றே எழுந்து வாசல் கதவின் தாழ்ப்பாளைக் கழற்றி எறிந்தார், மனசைத் தாழ் போடாதே என்று அதற்குப் பொருள், எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். நீயோ ஐயாவின் அக்கா எழுதிய பழைய கடிதத்தை எங்கிருந்தோ தேடிப் பிடித்து, அவருக்கு ஏழு வயதாகும்போது அவர் அம்மா வீட்டைவிட்டுப் போன அன்று வாசலில் நின்று சொன்ன வார்த்தை அது என்கிறாய். 'தாழ் போடாதே, வந்துடறேன்.' அந்த அம்மா வரவேயில்லை. பின்பாதியை ஐயா கடைசிவரை யாரிடமும் சொல்லவில்லை என்று எழுதியிருக்கிறாய்.

வேறு வழியாகத் தெரிந்தால் தப்பாகிவிடும் என்று சபைச் செயலாளரிடம் நானே போய்ச் சொன்னேன். அவர் முகம் சுண்டிப்போய்விட்டது. 'மகானப் போயி அம்மாவுக்கு ஏங்குற புள்ளையாக்கிட்டா உங்க பொண்ணு, இது அச்சுல வந்தா நீங்க இந்தப் பக்கம் வராம இருக்கறதே மரியாதை' என்றார். முப்பத்தைந்து வருடமாக நான் உட்காரும் இடம் அது. நான் வேண்டாம் என்றால் அந்த அத்தியாயத்தை எடுத்துவிடுவதாக எழுதியிருந்தாயே, எடுத்துவிடு என்று எழுத அன்றைக்கே பேனாவைத் தேடினேன். அதற்குள் மழையில் சபையின் வாசல் கதவு உப்பி, சாத்த வராமல் போயிற்று. ஐயா பிறந்து வளர்ந்த வீடுதானே அது, கதவும் அன்றைய கதவுதான். தச்சன் நான் இருக்க வேறு ஆளையா தேடுவார்கள்? செயலாளர் முகத்தைத் திருப்பிக்கொண்டே வரச் சொன்னார். கதவைக் கீலிலிருந்து கழற்றிப் படுக்கவைத்து, அடுக்கடுக்காக இருந்த பழைய பெயின்ட்டைச் சுரண்டினேன். என் தோள் உயரத்தில் தாழ்ப்பாள் இருந்த இடம் தெரிந்தது, ஆணித் துளைகளைச் சுற்றிக் கீறல் மேல் கீறல். சிட்டு, உன்னைப் போலப் புத்தகம் படித்தவன் இல்லை நான், மரத்தைப் படித்தவன். வளர்ந்த ஆள் எதிரே நின்று நெம்பினால் தடம் நேராக விழும். இவை அத்தனையும் கீழிருந்து மேலே ஏறியிருந்தன. உளியும் இல்லை, காய் நறுக்கும் கத்தி மாதிரி மெல்லிதாக ஏதோ ஒன்று, பத்து இடத்தில் வழுக்கியிருக்கிறது. முப்பது வயது ஆளின் வேலை இல்லை அது, கால் நுனியில் நின்று எட்டிய பிள்ளையின் வேலை. யாராவது தெரியாமல் தாழ் போட்டுவிட்டால் அம்மா வந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவாளே என்று அந்தப் பிள்ளை தாழ்ப்பாளையே பிடுங்கிவிட்டது. இத்தனை வருடம் கண்ணை மூடி உட்கார்ந்த இடத்தில் அன்றுதான் எனக்கு மெய் சிலிர்த்தது.

ஆனால் ஒன்று சொல்வேன், கோபித்துக்கொள்ளாதே. நீ எழுதியது அத்தனையும் சரி, ஆனாலும் பாதிதான். அம்மா விட்டுப் போன பிள்ளைகள் உலகத்தில் கொஞ்சமா? காத்திருந்து பார்த்துவிட்டுக் கதவை ஓங்கிச் சாத்திக்கொண்டவர்கள்தான் நிறையப் பேர். இந்தப் பிள்ளை வர வேண்டியவள் வராத வாசலில் நின்று, வந்தவர்களையெல்லாம் உள்ளே வா என்று கூப்பிட்டிருக்கிறது. வேலை போனவன், வீட்டில் துரத்தியவன், என்னைப் போல இருபது வயதில் யாரோடும் ஒட்டாமல் திரிந்தவன், ஒருத்தரையும் யார் என்று கேட்காத வாசல் அது. அது எப்படி வந்தது என்று உன் நாற்பது பக்கத்தில் எங்கேயும் இல்லை. அடி எங்கே பட்டது என்று கண்டுபிடித்துவிட்டாய், அடிபட்ட இடத்திலிருந்து இவ்வளவு பெரிய மனசு எப்படி வந்தது என்று உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. தெரியவில்லை என்று ஒரு வரி சேர்த்துவிடு, சேர்த்து அச்சுக்குக் கொடு. ஐயா எனக்கு முன்னைவிடப் பெரியவராகத்தான் தெரிகிறார். கீறல்களை அடைத்துப் பெயின்ட் அடிக்கச் சொன்னார் செயலாளர், மாட்டேன் என்று வார்னிஷ் மட்டும் பூசிக் கதவை மாட்டினேன். அவர் கிட்டே வந்து அந்தக் கீறல்களை விரலால் தடவித் தடவிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். வராதே என்று நாளைக்குச் சொன்னாலும் சொல்லட்டும், தாழ்ப்பாளே இல்லாத கதவை வைத்துக்கொண்டு என்னை எப்படி வெளியே நிறுத்துகிறார்கள் என்று பார்க்கிறேன்.

நீ எடுத்த காரியம் நல்லபடி முடிந்து நாலு பேர் மதிக்க நன்றாக இருக்க வேண்டும். உளவு பார்த்தது போதும், நேரத்துக்குத் தூங்கச் சொல்லுங்கள் என்கிறாள் அம்மா. டிக்கெட் எடுத்ததும் தேதியை எழுத மறக்காதே. நீ கிளம்பிய அன்று படியில் நின்று 'வரேன்ப்பா' என்றாய், போகிறேன் என்று நம்மில் யாரும் சொல்வதில்லையே. நாலு வருடமாக நம் வீட்டுக் கதவுக்கு நான் தாழ் போடவில்லை. 'ஐயா மனசைத்தான சொன்னாரு, வாசக்கதவையா சொன்னாரு' என்று அம்மா திட்டும்போதெல்லாம் ஐயாவின் சொல்லைக் காப்பாற்றுகிறேன் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். எதற்காகத் திறந்து வைத்திருக்கிறேன் என்று இப்போதுதான் எனக்கே தெரிகிறது.

ஆசிகளுடன்,
உன் அப்பா