முத்துலிங்கம் கும்பிடு

செட்டிகுளம்
12.03.1979

அன்பின் சிற்றம்பலத்துக்கு,

நான் சுகமில்லை. நீ சுகமாய் இருக்கிறதைப் பேப்பரிலை பார்த்தன்.

ஞாயிறு பேப்பரிலை ஊர்ப்பேச்சுக்கு மூலம் எழுதுறன் எண்டு என்ரை மானத்தை வித்துப்போட்டாய். "முத்துலிங்கம் கும்பிடு: பயத்திலை போடுற மிஞ்சின மரியாதை. மூலம்: ஒட்டுசுட்டான் றோட்டிலை பஸ்ஸை மறிச்ச ஆனையை, வேட்டி அவிழ அவிழக் கும்பிட்ட என்ரை கூட்டாளி." என்ரை வேட்டி அவிழேல்லை. சீற்றுக்குக் கீழ கிடந்த உனக்கு அது எப்பிடியடா தெரிஞ்சது?

இஞ்ச தேத்தண்ணிக் கடையிலை விதானையாருக்கு எழும்பி நிண்டாலும் "முத்துலிங்கம் போடாதை" எண்டு சிரிக்கிறாங்கள். மகள் பத்மாசனியைத் தன்ரை மகனுக்குப் பெண் கேட்டு வந்த கணபதியர், "அந்த முத்துலிங்கமோ நீங்கள்?" எண்டார். மகனோடை கதைச்சிட்டுச் சொல்லுறன் எண்டு போனவர்தான், சத்தமில்லை.

மூலத்தை மாத்தி எழுது. இல்லாட்டி எனக்குக் கடிதமும் எழுதாதை.

முத்துலிங்கம்

ஒட்டுசுட்டான்
20.03.1979

அன்பின் மச்சான்,

கோவியாதை. அண்டைக்கு நான் கீழ விழுந்த பேனையைத் தேடினனான். உன்ரை கடிதத்தை என்ரை மனுசி விமலேஸ்வரி உரத்து வாசிச்சுப்போட்டு, "அந்தப் பேனை இன்னும் கிடைக்கேல்லையோ?" எண்டு கேக்கிறா.

முல்லைத்தீவுப் பஸ்தியாம்பிள்ளையரைப் பார். "பஸ்தியாம்பிள்ளை நாளைக்கு எண்டால், வராது எண்டு அர்த்தம்" எண்டு அவரையும் எழுதினனான். மனிசன் கோவிக்கேல்லை. கருவாடு அனுப்பிறன் எண்டவர். நாளைக்காம்.

சரி, வாற ஞாயிறு பேப்பரைப் பார். உன்ரை பேருக்கு ஒரு ராசாவையே காவல் வைக்கிறன்.

சிற்றம்பலம்

செட்டிகுளம்
22.04.1979

அன்பின் சிற்றம்பலத்துக்கு,

சம்பந்தம் முற்றாச்சு. வைகாசியிலை கலியாணம். ஆனா உன்னாலை எனக்கு விசர் பிடிக்குது.

நீ புதுசா எழுதின மூலத்திலை, முத்துலிங்க முதலி எண்டவர் போருக்குப் போற ஆனைக்குப் போட்ட கும்பிடாம். வன்னிராசா காலத்திலையாம். ஊரே நம்பிப்போட்டுது. நேற்றுக் கடையிலை கணபதியர் அதை எனக்கே படிப்பிக்கிறார், "அவரெல்லோ முத்துலிங்கம்!" எண்டு. எனக்குப் பொறுக்கேல்லை. "ஆனையை விலத்தினது நான்" எண்டன். தேத்தண்ணி ஆத்திறவன் சொல்லுறான், "அண்ணை, விசர்க்கதை கதையாதேங்கோ, அது ராசா காலத்துச் சங்கதி." கடை முழுக்கச் சிரிப்பு. பத்மாசனிக்காக வாயை மூடிக்கொண்டு வந்தனான்.

திருப்பி மாத்தச் சொல்லிக் கேக்கேலாது. கலியாணம் குழம்பும். ஆனா பஸ்ஸுக்குள்ள குழந்தையள் கத்தேக்கை இறங்கிப் போனது நான்தானே? ஓம், கும்பிட்டன். பயந்ததும் உண்மை. "ஐயா, குஞ்சு குருமானோடை போறம், கொஞ்சம் அரக்கி, வழி விட்டு நில்லுங்கோ" எண்டு கேட்டன். அதுவும் அரக்கி நிண்டது.

கலியாணத்துக்கு வா. பந்தலடியிலை என்னைக் கண்டதும், ஒருத்தருக்கும் ஒண்டும் சொல்லாமல், அந்தக் கும்பிடு ஒண்டு எனக்குப் போடு.

இப்படிக்கு,
ஆனைக்கு முன்னால நிண்ட
முத்துலிங்கம்