சத்தம் போடாத பெல்ட்

என் உசிரான எஸ்தர் அப்பாவுக்கு,

நீங்க இருக்கிற இடத்தில் பயமே கிடையாது என்று போதகர் சொல்கிறார். இங்கே எனக்கு இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை. இதை ஆரம்பித்து வைத்தவர் நீங்க. அதனால் உங்களிடமே சொல்லுகிறேன், கேளுங்க.

முதலில் நல்ல சேதி. எஸ்தருக்குப் பெண் பிறந்திருக்கிறாள். மழைக்காலத்துப் பிள்ளை. உங்க காதைக் கழற்றி ஒட்டின மாதிரி விரிந்த காது. பால் குடிக்கும்போதே புருவத்தைச் சுருக்குகிறாள், இன்ஜினுக்குள் எட்டிப் பார்ப்பீர்களே, அதே மாதிரி. அஞ்சாம் வகுப்போடு நின்ற எனக்கு இப்படி ஒரு பேத்தியா என்று நம்ம சால் குடியிருப்பு முழுக்க வீடு வீடாகச் சொல்லி முடித்துவிட்டேன். போன வருஷக் காய்ச்சலில் நீங்க போகாமல் இருந்திருந்தால் தூக்கி வைத்துக்கொண்டு இறக்கியே விட மாட்டீர்கள்.

காரேஜை மருமகன்தான் பார்க்கிறார். போன வாரம் ஒரு சேட்டு சிவப்பு ரேஸ் வண்டியைக் கொண்டுவந்து விட்டார். இத்தாலி வண்டி. அவர் மகன் விமானத் திடலில் பந்தயம் ஓட்டப் போகிறானாம். மூடியைக் கழற்றிப் பார்த்தால், வால்வை நேரத்துக்குத் திறந்து மூட வைக்கிற டைமிங் செயின் இருக்க வேண்டிய இடத்தில் செயினே இல்லை. ரப்பர் பெல்ட்! உள்பக்கம் சீப்பு மாதிரி பல் வெட்டின ரப்பர். அது வெடிப்பு விட்டிருந்தது. சேட்டு புதுசு ஒன்றை வெளிநாட்டிலிருந்து வரவழைத்திருந்தார்.

மேலே இரண்டு பல்சக்கரம், கீழே ஒன்று. மருமகன் அதிலுள்ள குறிகளைப் புள்ளிக்குப் புள்ளி நேராக நிறுத்திப் புது பெல்ட்டை மாட்டினார். ஸ்பிரிங் வைத்த ஒரு உருளை அதை அழுத்திப் பிடிக்கிறது. இன்ஜினைக் கையாலேயே சுற்றிவிட்டு, பெல்ட்டை இரண்டு விரலால் முறுக்கிப் பார்த்தார். முதலில் ஸ்டார்ட் பண்ணினபோது பூனைக்குட்டி மாதிரி அழுதது. இறுக்கம் அதிகம் என்று கொஞ்சம் தளர்த்தினார். அதற்கப்புறம் சத்தமே இல்லை.

"என்ன மாப்பிள்ளை, மூச்சையே காணோம்?" என்று கேட்டேன்.

"அதுதான் அத்தை நல்லது. இறுக்கினா அழும். தளர்ந்தா பல்லு தாவும்."

"தாவினா?"

"வால்வு போயி பிஸ்டன்ல மோதும். இன்ஜின் அப்படியே பிடிச்சு நின்னுரும்."

"வண்டி ஓடிக்கிட்டு இருக்கையிலயா?"

அவர் துடைத்த ஸ்பேனரையே மறுபடி துடைத்தார்.

செயின் என்றால் சலசல என்று பேசிக்கொண்டே இருக்கும். இருக்கேன், இருக்கேன் என்று சொல்லும். இது ஊமை. தையல் மிஷின் பெல்ட் மழைக்குத் தளர்ந்து வழுக்குவதை நான் பார்க்காததா? இரும்பு செய்கிற வேலையை ரப்பரை நம்பி விடலாமா? நீங்களே சொல்லுங்க.

வண்டி மட்டும் என்றால் எனக்கென்ன? பயம் உங்க சட்டத்தினால். டைமிங் வேலை பார்த்தால் டிரையல் ஓட்டாமல் வண்டியைக் கொடுக்க மாட்டீர்கள். பக்கத்தில் நான் உட்கார வேண்டும். "யாருக்கு ஒண்ணு ஆனா எனக்குச் சோறு இறங்காதோ, அவளை ஏத்திக்கிட்டு ஓட்டணும்னாத்தான் என் கை ஒழுங்கா வேலை செய்யும்" என்பீர்கள். செம்பூர் தாண்டினதும் காற்று காதைப் பிய்க்கும். திரும்பி வந்து, நான் "சரி" என்று சொன்ன பிறகுதான் இன்ஜினை அணைப்பீர்கள். மாட்டுங்கா வரைக்கும் இதைச் சொல்லித்தானே நம்ம காரேஜைத் தேடி வந்தார்கள்.

இப்போது மருமகனும் அதே சட்டத்தைப் பிடித்துக்கொண்டார். நாளை விடிந்ததும் ரேஸ் வேகத்தில் டிரையல். பக்கத்தில் எஸ்தர்! பச்சை உடம்புக்காரி. வேண்டாம் என்றால், "அப்பா காரேஜ், நான் ஏறாம யாரு ஏறுவா?" என்கிறாள். உங்க மகள்தானே. அந்த ரப்பர் தாவினால் பிள்ளைக்கு அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை. எழுதும்போதே எழுத்து கோணிக்கொண்டு போகிறது, பாருங்க.

இன்று மத்தியானம் சாப்பாட்டில் சொல்லிவிட்டேன். "எஸ்தர் வேண்டாம். நான் ஏறுதேன்."

மருமகன் சிரித்தார். "பஸ்ஸு பிரேக் போட்டாலே ஸ்தோத்திரம் சொல்லுவிய அத்தை. இதுல ஏறி என்ன செய்யப் போறிய?"

"நீ ஏறினா செல்லாதும்மா" என்றாள் எஸ்தர். "மாமியாருக்கு ஒண்ணு ஆனா இவருக்குச் சோறு இன்னும் ரெண்டு கை கூட இறங்கும்."

"இறங்கினா இறங்கட்டும். நான்தான் ஏறுவேன்."

எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. மருமகன் மட்டும் சிரிப்பை நிறுத்திவிட்டார். பாதிச் சோற்றில் எழுந்து கை கழுவிக் கீழே போனார். மாடியிலிருந்து எட்டிப் பார்த்தேன். மூடியைக் கழற்றிவிட்டு, அந்தப் பெல்ட்டை மறுபடியும் விரலால் முறுக்கிப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

அவருக்குச் சோறு இறங்கவில்லை. நானும் செல்லுவேன் போலிருக்கிறது.

ஆனால், அந்தப் பெல்ட் மேல் சந்தேகம் இருந்துதான் கீழே போனாரா? நீங்களும் நான் ஏறுவதற்கு முன்னால் இப்படித்தான் எனக்குத் தெரியாமல் பார்த்தீர்களா?

பயம் போகவில்லை. கூடித்தான் இருக்கிறது. இருந்தாலும் வாக்குக் கொடுக்கிறேன். நாளைக்கு எஸ்தர் பிள்ளையோடு வாசலில் நிற்பாள், நான் ஏறுவேன். மெதுவாப் போங்க என்று வாய் திறக்க மாட்டேன். அந்தப் பெல்ட் பேசாத வரைக்கும் நானும் பேச மாட்டேன். திரும்பி வந்து நின்றதும், உங்களுக்குச் சொன்ன அந்த ஒரு வார்த்தையை அவருக்கும் சொல்லுவேன். அதைக் கேட்காமல் அவர் இன்ஜினை அணைக்க மாட்டார்.

உங்க பக்கத்து சீட்டில் உட்கார்ந்தவள்,
உங்க பேத்திக்கு ஆச்சி.