கேட்டுக்கு இந்தப் பக்கம்

அக்டோபர் 14

தம்பி எவர்ட்டுக்குப் பிறந்தநாள். வழக்கம்போல நான் கேட்டுக்கு வெளியே. உள்ளே நாற்காலிகளை வட்டமாகப் போட்டு மொத்தச் சொந்தமும் உட்கார்ந்திருக்கிறது. எனக்கு மட்டும் கேட்டுக்கு மேலே கேக் வந்தது. கோழி வைரஸ் ஆராய்ச்சிக் கூடத்தில் வேலை பார்ப்பவள் வேறு கோழி இருக்கும் இடத்தில் கால் வைக்கக் கூடாது. அவனோ வீட்டுக்குப் பின்னாலேயே கொட்டகை கொட்டகையாய் முட்டைக்கோழி வைத்திருக்கிறான்.

"பிஸ்கட் ஒண்ணுதான் அக்கா. டப்பாவ மூடியாச்சு," என்றான் எவர்ட். காபிக்கு ஒரு பிஸ்கட், உடனே டப்பாவுக்கு மூடி: எங்கள் ஊர் வழக்கம் அது.

"கேட்டையும் மூடிட்ட, டப்பாவையும் மூடிட்ட. வாய மட்டும் மூட மாட்டேங்கிற."

கேக் மழையில் ஊறிவிட்டது. விடுவேனா, தின்றேன்.

நவம்பர் 2

தடுப்பூசி போட்ட கோழிகளையும் போடாதவற்றையும் நோய்க்கோழிகளோடு ஒரே அறையில் விட்டிருந்தோம். இன்று தீனி வைக்கப் போனால், ஊசி போட்டவை என் பூட்ஸைக் கொத்துகின்றன. போடாதவை மூலையில் சுருண்டு கிடக்கின்றன. டாக்டரம்மா சீட்ஸ்கெ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று சிரித்தார். "வேல செய்யுது ஹெர்மாக்கா."

"நானும்தான் வேல செய்றேன். என்னப் பாத்து ஒருநாளு இப்படிச் சிரிச்சிருக்கீங்களா?"

நவம்பர் 17

எவர்ட்டுக்குப் பக்கத்துப் பண்ணையில் பறவைக் காய்ச்சல் வந்துவிட்டது.

நவம்பர் 18

தம்பி மனைவி டீனெகே போன் செய்தாள். "அண்ணி, நம்ம கோழிக்கு ஒண்ணுமில்ல. டெஸ்ட் பண்ணிட்டாங்க, சுத்தமா இருக்கு. இருந்தாலும் நாளைக்கு அரசாங்க ஆளுங்க வர்றாங்களாம்." நோய்ப் பண்ணையைச் சுற்றி இருப்பதையெல்லாம் அழிக்க வேண்டுமாம். பரவாமல் இருக்க.

நவம்பர் 19

வாயு விட்டுக் கொன்றுவிட்டார்கள். ஒன்று விடாமல்.

நவம்பர் 20

டாக்டரம்மாவிடம் நேராகவே கேட்டேன் — ஊசி இருக்குல்ல, கண்ணால பாத்தோம்ல?

"பாத்தோம். ஆனா ஊசி போட்ட கோழி நோயை வெளிய காட்டாம உள்ளயே வச்சிருக்குமோன்னு பயம். அந்த முட்டையும் கறியும் வேண்டாம்னு வெளிநாட்டுக்காரன் சொல்லிட்டா யாவாரம் போச்சு. அடிக்கடி டெஸ்ட் பண்ணிப் பாத்தா போதும்னு நாங்களும் சொல்லிட்டேதான் இருக்கோம்."

நோய் வந்த கோழியைக் கொல் — சரி. வராத கோழியையும் கொல், வந்தாலும் வருமாம். வராமல் தடுக்கிற ஊசியை மட்டும் போடாதே, எவனோ வாங்க மாட்டானாம். இது என்ன நியாயம்யா? தையல் பள்ளிக்கூடத்தோடு படிப்பை முடித்தவள், எனக்குத்தான் புரியவில்லையா? நல்லா இருந்த கோழிடா அதுங்க.

டிசம்பர் 9

இந்த வேலைக்கு வந்தபின் முதன்முறையாகத் தம்பி வீட்டுக்குள் போனேன். கோழி இல்லை, அதனால் தடையும் இல்லை. கேட்டை அகலத் திறந்துவைத்து நின்றான். "வா அக்கா." அவ்வளவுதான், கேலி கிடையாது. டீனெகே பிஸ்கட் டப்பாவைத் திறந்தே வைத்திருந்தாள். யாரும் கை வைக்கவில்லை. கொட்டகைப் பக்கம் சத்தமே இல்லை. இப்படியா நான் இந்த வீட்டுக்குள் வரணும்?

"உங்க ஊசி நெசமாவே வேல செய்யுதாக்கா?"

"செய்யுதுடா."

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். பண்ணையை விற்றுவிடலாம் என்கிறானாம், டீனெகே சொன்னாள்.

ஜனவரி 23

அரசாங்கம் நடக்கும் ஹேக் நகரத்திலிருந்து பெரிய அதிகாரி ஒருவர் வந்தார். எங்கள் கூடத்துக்குள் யார் நுழைந்தாலும் உடுத்தியதையெல்லாம் கழற்றிக் குளித்துவிட்டு எங்கள் துணியைத்தான் போட வேண்டும், உள்ளாடை வரை. எடுத்துக் கொடுப்பது நான். இருப்பதிலேயே பெரியதாய்ப் பார்த்துக் கொடுத்தேன். ஒரு கையால் இடுப்பைப் பிடித்தபடி கோழிகளைப் பார்த்தார்.

"நல்லா தெம்பா இருக்கே எல்லாம்."

"ஆமாங்க. என் தம்பி கோழிங்களும் இப்படித்தான் தெம்பா இருந்துச்சுங்க. உங்க ஆளுங்க வந்து கொன்னாங்க."

டாக்டரம்மா கூரையைப் பார்த்தார். அதிகாரி ஏதோ சொல்ல வாயெடுத்தார். பேண்ட் நழுவியது, அதைப் பிடிக்கத்தான் அவருக்கு நேரம் இருந்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. வந்திருக்க வேண்டும்.

அவர் போனபின் டாக்டரம்மா திட்டுவார் என்று நின்றேன். "உங்க தம்பி பண்ணைய வித்துட்டாரா?" என்று மட்டும் கேட்டார்.

ஏப்ரல் 11

ஊசியைப் பண்ணைகளில் போட்டுப் பார்க்க அனுமதி. அதுவும் ரெண்டொரு பண்ணைக்குத்தான். மாதாமாதம் டெஸ்ட், முட்டை உள்நாட்டுக்கு மட்டும். மற்றவன் கோழியெல்லாம் என்ன பாவம் செய்தது?

எவர்ட் இன்னும் பண்ணையை விற்கவில்லை. டாக்டரம்மா கேட்டதும் சரி என்றுவிட்டான்.

மே 6

ஊசி போட்ட கோழிகள் வந்து இறங்கின. நான் ரோட்டில் நின்றேன். எவர்ட் கேட்டைச் சாத்திக் கொக்கி மாட்டி, ஆட்டியும் பார்த்தான்.

"தள்ளி நில்லு. நோய்க்கூடத்துப் பொம்பள."

"போடா. உன் ஒத்த பிஸ்கட்டுக்கு யாரு வருவா?"

கேட்டுக்கு மேலே காபி வந்தது. பிஸ்கட் இரண்டு.