திரும்பிப் பார்க்காத புள்ளிகள்

14 மே 1986, தென்காசி

கோடை விடுமுறை என்று பெயர். பாடம் நடத்த மாணவர்கள் இல்லாவிட்டாலும் கல்லூரிக்குத் தினமும் போகிறேன். கம்ப்யூட்டர் அறையில் என்னைத் தவிர ஈ காக்கை கிடையாது. இன்றுதான் புரோகிராம் முதல்முறையாகக் கடைசி வரை ஓடியது. திரைதான் குற்றால அருவிக்கரை. பச்சைப் புள்ளி ஒவ்வொன்றும் ஓர் ஆள். கூட்டத்துக்கென்று நான் எதுவும் எழுதவில்லை. புள்ளிகளுக்கு ஒரே ஒரு புத்திதான் கொடுத்திருக்கிறேன் - வெள்ளம் என்று விசில் அடித்தால், வாசல் பக்கம் எந்தக் கட்டம் காலியோ அங்கே நகரு. மிச்சத்தை அவையே பார்த்துக்கொள்கின்றன. ஆண்கள் பக்கமும் பெண்கள் பக்கமும் ஒன்று சேரும் இடத்தில் அடைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டன. அடைத்துக்கொள் என்று யாரும் சொல்லித்தரவில்லை. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

20 மே

சாப்பாட்டு நேரத்தில் என் வீட்டுக்காரர் பாங்கிலிருந்து வந்து எட்டிப் பார்த்தார். "இதுல நான் எங்கன நிக்கேன்?"

எல்லாப் புள்ளியும் ஒன்றுதான், ஆளுக்கு ஆள் வித்தியாசம் வைத்தால் மெஷின் தாங்காது என்றேன்.

"சரி, நீ எங்கன நிக்கே?"

அதே பதிலைச் சொன்னேன். சிரித்துக்கொண்டே போய்விட்டார். கணக்கு ஏறாத மனுஷன்.

3 ஜூன்

சீசன் பாதுகாப்புக் குழுவின் என்ஜினீயர் பஞ்சாபகேசனுக்குப் போட்டுக் காட்டினேன். இப்போது திரையில் இரண்டு பக்கத்துக்கும் நடுவில், ரோடு வரைக்கும், நெஞ்சளவு உயரத்துக்கு ஓர் இரும்புக் கம்பித் தடுப்பு. ஆண்களுக்கு ஒரு வாசல், பெண்களுக்கு ஒரு வாசல். புள்ளிகள் பாதி நேரத்தில் வடிந்துவிட்டன.

"கம்ப்யூட்டரே சொல்றது. இனிமே யார் என்ன பேசறது?" என்றார்.

கம்ப்யூட்டர் சொல்லவில்லை, நான் சொல்கிறேன் என்று திருத்தினேன். விட்டுக்கொடுக்க மனசில்லை.

28 ஜூன்

கம்பி போட்டாயிற்று. பச்சைப் பெயிண்ட். அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிடுபவர்கள் இடம் போச்சென்று முணுமுணுக்கிறார்களாம். முணுமுணுக்கட்டும்.

19 ஜூலை

சாரல் நன்றாக இருக்கிறது. எங்கள் கல்லூரி டைப்பிஸ்ட் சண்முகசுந்தரி - என் கையெழுத்தைப் படிக்கத் தெரிந்த ஒரே ஜீவன் - நாளை வீட்டுக்காரரோடு குளிக்கப் போகிறாள். "ஒங்க கம்பியையும் பாத்துட்டு வாரேன் டீச்சர்" என்றாள்.

20 ஜூலை

மலையில் பேய்மழை. அருவியில் திடீர் வெள்ளம். சுந்தரி இல்லை. இன்னும் சில பேரும்.

21 ஜூலை

தண்ணி இழுத்துட்டுப் போகலையாம். கம்பியில நசுங்கியாம். எப்படி? விசில் அடிச்சாச்சு. நேரம் இருந்துச்சு. ரெண்டு வாசலும் தொறந்துதான கெடந்துச்சு. ஏன் கம்பிமேல ஏறணும்? கிறுக்கா புடிச்சிருந்துச்சு எல்லாருக்கும்?

30 ஜூலை

இலத்தூருக்குப் போனேன், சுந்தரியின் வீட்டுக்கு. அவள் கணவர் சங்கரபாண்டி காலில் கட்டோடு உட்கார்ந்திருந்தார். அவராகவே சொன்னார்.

"விசில் கேட்டதும் அவ ரோட்டுக்கே வந்துட்டாளாம் டீச்சர். அங்கன என்னைக் காணலன்னதும் திரும்பி உள்ள போயிருக்கா. என்னைத் தேடி அவ கம்பி ஏறியிருக்கா. அவளைத் தேடி நானும் கம்பி ஏறி அந்தப் பக்கம் குதிச்சிருக்கேன்."

கட்டுப் போட்ட காலைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தார். பிறகு, "நீங்க போட்ட வழி நல்ல வழிதான். நாங்கதான் அதுல போகல" என்றார்.

திட்டியிருக்கலாம். செருப்பால் அடித்திருக்கலாம்.

குற்றாலத்துக்கு யார் ஒற்றையாகப் போகிறார்கள்? குடும்பமாகப் போய், தண்ணீருக்கு முன்னால் ஆண் அந்தப் பக்கம், பெண் இந்தப் பக்கம் என்று பிரிகிறோம். குளித்துவிட்டு ஒருவரையொருவர் தேடுகிறோம். சின்ன வயதிலிருந்து நானும் அப்படித்தான் போகிறேன். எனக்குத் தெரியாத விஷயமா? தெரியும். புள்ளிகளுக்குச் சொல்லவில்லை.

11 ஆகஸ்ட்

புரோகிராமில் ஒரு விதி சேர்த்தேன். ஒவ்வொரு புள்ளிக்கும் மறுபக்கத்தில் ஒரு துணை. துணை வெளியே வராமல் தானும் போகாது. ஓட விட்டேன். வாசல் வரை வந்த புள்ளிகள் திரும்பின. கம்பியின் இரண்டு புறமும் வந்து அப்பிக்கொண்டன. கடைசியில் கம்பியே தெரியவில்லை, அவ்வளவு பச்சை. மெஷினை அணைக்காமல் வெளியே வந்துவிட்டேன்.

25 ஆகஸ்ட்

கம்பியை எடுத்துவிடச் சொல்லிப் பஞ்சாபகேசனிடம் கெஞ்சினேன். வாழ்க்கையில் இதுவரை யாரிடமும் கெஞ்சியதில்லை. "அன்னிக்கு ஒண்ணு சொன்னேள், இன்னிக்கு ஒண்ணு சொல்றேள். நான் மேலே என்னன்னு எழுதறது?" என்றார். விபத்துக்குக் காரணம் பொதுமக்களின் ஒழுங்கின்மை என்று குழு எழுதிவிட்டதாம். கம்பி அங்கேயே இருக்கும். அதே அறிக்கையில் எனக்கு நன்றியும் சொல்லியிருக்கிறார்கள்.

26 ஆகஸ்ட்

புது டைப்பிஸ்டுக்கு என் கையெழுத்து புரியவில்லை.

12 ஜூலை 1987

ஒரு வருஷமாக அந்தப் பக்கமே போகவில்லை. இவர்தான் விடாமல் கூப்பிட்டார். போனோம். கம்பிக்குப் புதிதாகப் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். பிரியும் இடத்தில் இவரை நிறுத்தி, "விசில் கேட்டா நேரா ரோட்டுக்குப் போயிரணும். என்னைத் தேடக் கூடாது" என்றேன்.

"சரி."

"நெசமா?"

"சரிங்கேன்லா. நீயும் தேடாத."

சரி என்றேன்.

தண்ணீர் இன்று சாதுவாகத்தான் விழுந்தது. நான் அருவி வரைக்கும் போகவேயில்லை. மாற்றுச்சேலையை இடுக்கிக்கொண்டு, இவர் தலை தெரிகிறதா என்று பார்க்கக் கம்பியோரமாக நடந்தேன். இவர் அதற்கு முன்பே வந்து, காய்ந்த துண்டும் தோளுமாக, அந்தப் புறம் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.