காசிம் முக்குக்கு வந்த சாட்சி

என் பிரியமான காசிம் மச்சானுக்கு,

நீ இருக்கும் இடத்தில் உனக்கு நிழலும் நிம்மதியும் கிடைக்கட்டும். நான் சொல்லச் சொல்ல உன் தங்கச்சி மரியம் எழுதுகிறாள். எனக்கு எழுத்து வராது என்பது உனக்குத் தெரியாததா?

நாங்கள் இப்போது அஜ்மானில் மகன் வீட்டில் இருக்கிறோம். உனக்கு ஒரு சேதி வைத்திருக்கிறேன். சொல்லாவிட்டால் வயிறு வெடித்துவிடும்.

துபாய் தேராவில் நம் ஊர்க்காரர்கள் வைத்துப் புழங்கிய இடப்பெயர்களையெல்லாம் சேர்த்து ஒரு வரைபடம் போடுகிறார்கள். கட்டடக் கம்பெனியில் வேலை பார்க்கும் நம் ஊர்ப் பெண் ரஹீமா முன்னின்று செய்கிறாள். என்னையும் கூப்பிட்டாள். போர்டு படிக்கத் தெரியாமல் மூக்கை வைத்து வழி பிடித்தோமே, அந்த ஏலக்காய்ச் சந்து ஏறிவிட்டது. படகுத்துறையிலிருந்து மூட்டை சுமந்து வந்து இறக்கிவைக்கும் மேடைக்கு ‘மூச்சுவாங்கி’ என்று நீ பெயர் வைத்தாயே, அதுவும் ஏறிவிட்டது.

உன் பெயரில் வழங்கும் தெருமுக்கில்தான் தகராறு.

வெள்ளிக்கிழமை அசர் தொழுதுவிட்டு, ஊரிலிருந்து வந்தவர்கள் கொண்டுவந்த பார்சல்களை அங்கே அடுக்கி, ஒவ்வொருவரின் வாப்பா பெயரையும் சொல்லிக் கூவுவாய். பார்சலுக்கு ஒரு துண்டு தொதல் அல்வா உனக்குச் சுங்கம்! “காசிம் முக்குக்கு வந்துரு” என்றால் யாருக்குத்தான் தெரியாது?

ஆனால் பாத்திரக்கடை ஹமீது ஒத்துக்கொள்ளவில்லை. “அதெல்லாம் அந்தக் காலம் காக்கா. இப்ப அது மொபைல் கடை முக்கு. கலாஸ், முடிஞ்சுபோச்சு!”

ரஹீமாவும் சட்டம் பேசினாள். “மாமா, நம்ம ஆளுங்க சொன்னா மட்டும் போதாது. வேற ஊருக்காரங்க ஒருத்தராவது இப்பவும் அந்தப் பேரைச் சொல்லணும். எல்லாப் பேருக்கும் அதான்.”

தேராவில் உன்னுடையது என்று மிஞ்சியிருப்பது அந்த ஒரு முக்குதானே மச்சான்?

போன வெள்ளிக்கிழமை மூவரும் அங்கே போய் நின்றோம். கைவண்டி நிறைய துணிப்பொதியோடு ஒரு வங்காளி, போனில் யாரையோ சீக்கிரம் வரச்சொல்லி விரட்டிக்கொண்டிருந்தான்.

“காசிம்முக்கு, பாய்! காசிம்முக்கு! ஜல்தி ஆவோ!”

ரஹீமா பாய்ந்துபோய், காசிம் யாரென்று இந்தியில் கேட்டாள். அவன் தலையைச் சொறிந்தான். “மாலும் நஹி, மேடம். கோயி படா அர்பாப் ஹோகா.”

அவனுக்குத் தெரியாதாம், யாரோ பெரிய முதலாளியாக இருக்குமாம்! யார், நீ! அடுக்குக் கட்டிலின் மேல்தட்டிலேயே காலம் தள்ளிய நீ!

முதலில் சிரித்தது ஹமீதுதான். “மௌத்தான பொறவு ஒங்க மச்சான் முதலாளி ஆயிட்டாரே காக்கா! எழுதும்மா, எழுது.”

ரஹீமா அங்கேயே எழுதினாள். எனக்குப் படிக்கத் தெரியாது. அவள் காட்டிய இடத்தில் விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன். சிரிப்பில் கை ஆடுகிறது, மெதுவாகச் சொல்லுங்கள் என்கிறாள் மரியம். நீ உயிரோடு இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாய்? சுங்கத்தை இரண்டு துண்டாக்கியிருப்பாயோ?

வருகிற வெள்ளிக்கிழமை அசர் முடிந்ததும் தொதலோடு உன் முக்கில் நிற்பேன். முதல் துண்டு அந்த வங்காளிக்கு. அர்பாப் கொடுத்தனுப்பினார் என்று சொல்வேன்.

உன் தங்கச்சியைக் கட்டியதால் மட்டுமல்ல,
அதற்கு முன்பிருந்தே உன் மச்சான்,
சாகுல்