உள்தாழ்ப்பாள்

செவ்வாய்க்கிழமை, இரவு

இன்று மனநல மையத்திலிருந்து கவிதா வீட்டுக்கு வந்தாள். என் தேவைகளைக் கேட்டு எழுத வேண்டுமாம். படிவத்தில் ஒவ்வொரு கேள்விக்கும் இரண்டு கட்டங்கள்: நான் சொல்வதற்கு ஒன்று, அவள் நினைப்பதற்கு ஒன்று.

தூக்கம், சாப்பாடு, மாத்திரை எல்லாவற்றுக்கும் அண்ணியே பதில் சொன்னாள். கடைசியில்தான் கவிதா என் பக்கம் திரும்பினாள்.

"வேற என்னக்கா வேணும்?"

"என் ரூமுக்கு உள்தாழ்ப்பாள் வேணும்."

நான் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்புவதற்குள் அண்ணன் அதைக் கழற்றிவிட்டான். நாலு வருஷம் ஆகிறது.

அண்ணி குறுக்கிட்டாள். "மறுபடி ஏதாச்சும் பண்ணிக்கிட்டா? எங்களுக்குப் பயமா இருக்குங்க."

கவிதா தலையாட்டினாள். 'வீடு' என்ற வரியில் இரண்டு கட்டத்திலும் 'குறை இல்லை' என்று எழுதினாள். என்னுடையதிலும்தான்.

"ஸ்ரீரங்கத்துல சொந்த வீடு, பார்த்துக்க ஆளு. நீங்க குடுத்து வச்சவங்கக்கா."

காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டேன். போடாவிட்டால் அதையும் நோய் என்றுதான் எழுதுவாள்.

இதை எழுத உட்கார்ந்ததிலிருந்து அண்ணி இரண்டு முறை கதவைத் திறந்து பார்த்துவிட்டாள். தட்டிவிட்டுத் திறக்கலாம் என்று இந்த வீட்டில் யாருக்கும் தோன்றியதில்லை. மறுபடி கொலுசுச் சத்தம் கேட்கிறது. விளக்கையாவது நானே அணைத்துவிடுகிறேன்.